ஹட்டனில் நாலு பேர்

ஹட்டனுக்கு வேலைக்குப் போன முதல் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம். மற்ற நாட்களுக்கு வேலை இருந்தது. கோயம்புத்தூரில் செய்யும் ஓர் இயந்திரத்தை இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பொருத்துவது, அங்குள்ளவர்களுக்குப் பழக்கிவிடுவது, பழுதானால் போய்ச் சரிசெய்வது, இவைதான் என் பொறுப்பு. காய்ந்த தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் கேமராவால் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம் அது. காலையில் பஸ் பிடித்தால் மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, டயகம என்று ஏதாவது ஒரு பக்கம் போய், தலைமுடி முழுக்கத் தேயிலைத் தூசியோடு மாலையில் திரும்புவேன். தொழிற்சாலைகளில் எல்லோரும் என்னை மேடம் என்றார்கள். டீ கொடுத்தார்கள், இயந்திரத்தைப் பற்றிக் கேட்டார்கள். சனிக்கிழமை மாலை வாயிற்கதவு சாத்தப்படும்போது அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

எங்கள் கம்பெனியின் மற்ற இந்தியர்கள் கொழும்பில் இருந்தார்கள். கடற்கரை, சினிமா, யாராவது ஒருவர் வீட்டில் பிரியாணி என்று அவர்களுக்கு ஒரு வட்டம் இருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். போகவும் செய்தேன். ரயிலில் போய் வருவதிலேயே விடுமுறை கரைந்தது. அதோடு, அவர்கள் பேசிக்கொண்ட ஆட்களையும் கடைகளையும் எனக்குத் தெரியாது. இரண்டாம் முறைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

"அங்கதான் எல்லாரும் தமிழ் பேசறாங்களே, அப்புறம் உனக்கு என்ன கஷ்டம்?" என்பாள் அம்மா போனில்.

கஷ்டமே அதுதான். வேறு நாட்டில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழிகளால் மொழி புரியவில்லை என்று சாக்குச் சொல்ல முடியும். எனக்கு அந்தச் சாக்கு இல்லை. நான் துறையூர்க்காரி. என் பேச்சும் தோட்டத்து மக்கள் பேச்சும் ஏறக்குறைய ஒன்று. பஸ்ஸில் வாயைத் திறந்தால் பக்கத்து இருக்கையிலிருந்து உடனே கேள்வி வரும்: "நீங்க இந்தியாங்களா? எந்த ஊருங்க?" துறையூர் என்றதும் அவர்கள் முகம் மலரும். பாட்டன் பூட்டன் வந்த ஊரின் பெயரைச் சொல்வார்கள். சிலருக்கு அதுவும் பாதிதான் நினைவிருக்கும். அது எங்கே இருக்கிறது, அந்தப் பெயரில் குடும்பம் இன்னும் இருக்குமா என்று கேட்பார்கள். நான் தெரிந்ததைச் சொல்வேன். இறங்கும் இடம் வந்துவிடும். அவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த அன்பெல்லாம் எனக்குப் பின்னால் இருந்த ஏதோ ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ என்ன செய்வாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம், மழை விட்ட நேரத்தில், அறையில் இருக்கப் பிடிக்காமல் டவுனில் நடந்துகொண்டிருந்தேன். கடைத்தெருவுக்கு மேலே ஒரு சரிவில் பழைய மண்டபம் ஒன்று உண்டு. அதற்குள்ளிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சத்தம் வந்தது. இறகுப் பந்தை மட்டையின் நடுவில் வாங்கி அடிக்கும் சத்தம். கல்லூரியில் மூன்று வருடம் நான் அணியில் ஆடியவள். கால்கள் தாமாகப் படியேறின.

உள்ளே ஆண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, அந்த விளையாட்டு மன்றத்தின் செயலாளர் யார் என்று கேட்டேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், நாற்பது வயதிருக்கும், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

"நானும் விளையாடணும் சார். எந்த நேரம் வரலாம்?"

"லேடீஸ் டைம்னு ஒன்னு இல்லைங்க மேடம்."

"இவங்களோடயே ஆடறேன்."

"அது சரிவராதுங்க. சின்ன டவுன். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"அப்ப லேடீஸ் டைம் ஒன்னு வைங்களேன்."

"ஒரு ஆளுக்காகவா? குறைஞ்சது நாலு பேர் இருந்தாலாவது கமிட்டியில பேசிப் பார்க்கலாம்."

பேச்சை முடிப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன். "நாலு பேர் வந்தா நேரம் தருவீங்கதானே சார்?" என்று மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். படியிறங்கும்போதே எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. இந்த ஊரில் எனக்கு நாலு பேரைத் தெரியாது. என்னைக் கழித்தால் மூன்று பேர் வேண்டும். தேடிப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் கிடைத்தவர் என் வீட்டுக்காரம்மா. சிங்களவர், ஆஸ்பத்திரியில் தாதி. இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டியவர், தனியாக இருந்தார், மகன் இத்தாலியில். வாடகை பேசியதைத் தவிர எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை. ஊரிலிருந்து வந்த என் மட்டையை எடுத்து மாடி அறைச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்.

"துவ, என்னா இந்தச் சத்தம்?" துவ என்றால் சிங்களத்தில் மகள். கோபமாகத்தான் வந்திருந்தார். மட்டையைப் பார்த்ததும் கையை நீட்டினார். பிடியைச் சுற்றிப் பார்த்தார். வெறும் காற்றில் ஒரு முறை வீசினார். "நர்ஸிங் ஸ்கூல்ல நான் வெளையாடினது. அப்ப மெலிஞ்ச ஆளு."

விஷயத்தைச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"தரை என்னா? பலகையா?"

"சிமெண்டு."

"முட்டிக்குக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல. டியூட்டி இல்லாத ஞாயிறு வாறேன். ஆனா சொவத்துல அடிக்க வேணாம்."

இரண்டாமவரை அக்கரப்பத்தனை பஸ்ஸில் பிடித்தேன். ஹட்டன் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியை, என் வயதுதான். டவுனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். சனிக்கிழமைகளில் தோட்டத்திலிருக்கும் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு அன்றே திரும்புவார். எனக்கும் அந்தச் சனிக்கிழமைகளில் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. பல தடவை ஒரே பஸ்ஸில் போயிருக்கிறோம், பேசியதில்லை. அன்றைக்கு நான் முந்திக்கொண்டேன். அவர் எந்த ஊர் என்று நான் கேட்டேன்.

"எங்கப்பா இன்னமும் முசிறி பக்கம்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பாரு. எனக்கு ஊரு அக்கரப்பத்தனைங்க. மத்தது எனக்குத் தெரியாது" என்றார். சொன்ன விதத்தில் ஒரு சலிப்பு இருந்தது. அந்தச் சலிப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பேட்மிண்டன் ஆடத் தெரியுமா என்று கேட்டேன். மட்டையைத் தொட்டதே இல்லை என்றார். ஆனால் பள்ளியில் நெட்போல் ஆடியிருக்கிறார். ஓடத் தெரியும், குதிக்கத் தெரியும். "தெரியாதவங்க வரலாமா?" என்று கேட்டார். வரலாம் என்றேன். பஸ் லிந்துலை வருவதற்குள் சரி என்றுவிட்டார்.

மூன்றாமவர்தான் கடினம். கடைத்தெருவில் பள்ளிக்கூடச் சாமான்களும் விளையாட்டுச் சாமான்களும் விற்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடை இருக்கிறது. மட்டைக்கு நரம்பு மாற்ற அங்கே போயிருந்தேன். கல்லாவில் இருந்த பெண்ணை உள்ளேயிருந்து யாரோ "தாத்தா" என்று கூப்பிட்டதும் நான் திரும்பிக் கிழவர் எங்கே என்று தேடினேன். அவர் சிரித்துவிட்டார். அவர்கள் வழக்கத்தில் தாத்தா என்றால் அக்காவாம். முப்பது முப்பத்திரண்டு வயது, கணவர் கத்தாரில். மாமனாரோடு சேர்ந்து கடையைப் பார்த்துக்கொண்டார். என் மட்டையை வாங்கி, நரம்பை விரலால் தட்டிப் பார்த்து, மணிக்கட்டை மட்டும் திருப்பி ஒரு சுழற்று சுழற்றினார். அந்தத் திருப்பலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க ஆடுவீங்க" என்றேன்.

"ஸ்கூல் காலத்துல. மாகாணம் வரைக்கும் போனேன்." மட்டையை மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மிஸ்ஸியும் டீச்சரும் சேர்ந்த பிறகு மறுபடி கடைக்குப் போனேன். மூன்று பேர் இருக்கிறோம், நீங்கள் வந்தால் நாலு என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க ரெண்டு வருஷத்துல போயிருவீங்க. நான் இந்தக் கடையிலதான் நிக்கணும். ஒரு கதை வந்தா அது உங்களோட பிளேன்ல ஏறாது, என்னோட இங்க ஈக்கும். எனக்கு ஏலாது."

ஈக்கும் என்றால் இருக்கும், ஏலாது என்றால் முடியாது. அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் சரி என்று ஒப்புக்கொண்டு விலகிவிடவும் எனக்கு மனமில்லை. பேனா வாங்க, செல்லோடேப் வாங்க என்று வாரம் ஒரு முறையாவது கடைக்குப் போனேன். பேட்மிண்டன் பேச்சை எடுக்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம். அவர் கணவர் அங்கே ரொட்டி சுடப் பழகியதைப் பற்றிப் பேசினோம். ஒரு நாள் அவராகவே கேட்டார்.

"அந்த ஹோல் ஜன்னல் என்ன உயரம்? ரோட்டால போறவங்களுக்குத் தெரியுமா?"

"ஆள் உயரத்துக்கு மேல. தெரியாது."

"நாங்க ஆடுற நேரம் ஆம்பிளைகள் உள்ள வரக்கூடாது."

"செயலாளர்கிட்ட சொல்லி எழுதி ஒட்டச் சொல்றேன் அக்கா."

"நீங்க செல்ல வேணாம். நானே செல்றேன். அவர்ட மகனுக்குச் சப்பாத்து வாங்க எங்க கடைக்குத்தான் வருவார்."

சொல்வதைச் "செல்வது" என்பார், ஷூவைச் சப்பாத்து என்பார். செயலாளரால் மறுக்க முடியவில்லை. ஞாயிறு காலை ஆறு மணி கொடுத்தார். ஹட்டனில் அந்த நேரத்தில் மூச்சு விட்டால் புகையாக வரும். ஒரு வாரம் வந்துவிட்டு விட்டுவிடுவோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு நாலு பேரும் வந்துவிட்டோம். மண்டபம் பூட்டியிருந்தது. திறக்க வேண்டிய காவலாளியைக் காணோம். பனியில் கைகள் விறைத்தன. மிஸ்ஸி குல்லாயை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் முற்றத்திலேயே வலையில்லாமல் ஆடலாமா என்று நான் கேட்டேன். டீச்சர் சரி என்றார். அக்கா சுவரோரம் ஒதுங்கி நின்றார். பால் வாங்கப் போகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்குக் கோபம் ஏறியது. செயலாளர் வீடு இரண்டு வளைவு தள்ளித்தான்.

"நான் போய்ச் சாவி வாங்கிட்டு வரேன்."

"வேணாம். இந்த நேரத்துல வீட்டுக் கதவைத் தட்ட ஏலாது" என்றார் அக்கா.

நான் போனேன். செயலாளர் லுங்கியோடு, வாயில் பிரஷ்ஷோடு வந்து கதவைத் திறந்தார். பின்னால் அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "நாலு பேரும் வந்து நிக்கிறோம் சார்" என்றேன். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. காவலாளி மறந்திருப்பார் என்று வாய் நிறைய நுரையோடு சொல்லி, உள்ளே போய் இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்தார். வெற்றியோடு ஓடி வந்தேன். மண்டப வாசலில் மிஸ்ஸியும் டீச்சரும் மட்டும்தான் இருந்தார்கள்.

"அவங்க போயிட்டாங்க" என்றார் டீச்சர்.

அன்றைக்கு மூன்று பேர் ஆடினோம். ஆட்டத்தில் மனமே இல்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் கடையில் ஏறினேன். மாமனார் ஒரு மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கடைக்கு உள்பக்கம் கூட்டிப் போனார்.

"நீங்க அவர்ட வீட்டைத் தட்டினீங்க. நாளைக்கு அவர் இங்க வந்து மாமாக்கிட்ட ஒரு சொல் செல்லுவார். அதை நீங்க யோசிச்சீங்களா?"

"யோசிக்கலை. ஆனா தட்டாம இருந்திருந்தா சாவி கிடைச்சிருக்காது அக்கா. அடுத்த வாரமும் பூட்டித்தான் இருந்திருக்கும்."

அவர் ஒரு பெட்டியிலிருந்த நோட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். "அதுவும் உண்மைதான்" என்றார் கடைசியில். "இனி சனிக்கிழமையே சாவியை நான் வாங்கி வைக்கிறேன். யாரும் யார்ட கதவையும் தட்டத் தேவையில்ல."

பிறகு என் கண்ணெதிரிலேயே வெளியே போய் மாமனார் முன் நின்றார். "மாமா, ஞாயித்துக்கிழமை காலைல நான் பேட்மிண்டன் ஆடப் போறேன். பொம்பிளைகள் மட்டும்தான்."

அவர் பத்திரிகையைத் தாழ்த்தினார். "கடை திறக்க முந்தி வந்துருவீங்களா?"

"வந்துருவேன்."

"சரி" என்று மறுபடி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தார். இவ்வளவுதானா என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தில் சிரிப்பும் எரிச்சலும் கலந்திருந்தன.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் உருவம் வந்தது. அக்கா நீளக் கை வைத்த சட்டையும் தலைத்துணியுமாக ஆடுவார். ஆடத் தொடங்கினால் அந்தக் கடைக்காரப் பெண்ணைக் காணமுடியாது. வலைக்குப் பக்கத்தில் பந்தை அவர் மெதுவாகத் தட்டிவிடும்போது நான் பின்னாலிருந்து ஓடிவந்து ஓடிவந்து ஓய்ந்துபோவேன். மிஸ்ஸி அதிகம் நகரமாட்டார், ஆனால் அவர் நிற்கும் இடத்துக்கே பந்து எப்படியோ வந்து சேரும். டீச்சர் முதல் மாதம் முழுக்கக் காற்றைத்தான் அடித்தார். யார் சிரித்தாலும் அவருக்குக் கோபம் வராது. திரும்பவும் போய் நிற்பார். வார நாட்களில் பள்ளி விட்டதும், தான் தங்கியிருந்த தன் சொந்த அக்கா வீட்டுப் பின்புறத்தில் தனியாகப் பழகினார் என்பது எங்களுக்கு வெகு நாள் தெரியாது. ஒரு ஞாயிறு, திடீரென்று, என் தலைக்கு மேலே ஓர் அடி அடித்தார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து தரையில் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் கடை திறக்கும்வரை யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. மிஸ்ஸி பாற்சோறு செய்தால், தொட்டுக்கொள்ள வைக்கும் கட்டைச் சம்பல் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வரும். நான் அம்மா அனுப்பிய பருப்புப்பொடியைப் பாணில், அதாவது பிரெட்டில், தடவித் தின்பதைப் பார்த்து மூவரும் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களும் கேட்டு வாங்கினார்கள். நோன்பு மாதத்தில் அக்கா ஆட வரவில்லை. நாங்களும் மண்டபத்துக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மாலை எங்களை நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிட்டார். கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது கத்தாரிலிருந்து கணவர் வீடியோவில் வந்தார். "இவங்கதான் அந்த டீமா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மிஸ்ஸி கையிலிருந்த பேரீச்சம்பழத்தை ஆட்டிக் காட்டினார்.

அவர்களுக்கிடையிலும் எல்லாம் சுமுகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். தோட்டச் சம்பளப் போராட்டம் நடந்த சமயத்தில் மிஸ்ஸி ஏதோ சொல்லிவிட, டீச்சர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். வெளியாள் அதைப் பற்றிச் சுலபமாகப் பேசுவதை அவரால் பொறுக்கமுடியாது. ஆனாலும் ஞாயிறு ஆட வந்தார். வலைக்கு எதிர்ப்பக்கம் நின்று மிஸ்ஸியை நோக்கியே அடித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி ஒவ்வொன்றையும் எடுத்தார். கடைசியில், "டீச்சர், எனக்கு மூச்சு வாங்குது. கோவம் போச்சா?" என்று கேட்டார். டீச்சர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

மன்றங்களுக்கிடையே வருடத்துக்கு ஒரு போட்டி நடக்கும். ஆண்களுக்கு மட்டும். பெண்கள் இரட்டையர் ஆட்டமும் வையுங்கள் என்று அக்கா போய்க் கேட்டார். அணிகள் வந்தால் வைக்கலாம் என்றார் செயலாளர். பழைய பள்ளித் தோழிகளையெல்லாம் அக்கா போனில் தேடிப் பிடித்தார். நுவரெலியாவிலிருந்து ஓர் அணி, மஸ்கெலியாவிலிருந்து ஓர் அணி வருவதாகச் சொன்னார்கள். எங்கள் சார்பில் அக்காவும் நானும் ஆடுவதாக ஏற்பாடு.

போட்டிக்கு முந்தைய நாளிலிருந்தே மழை. காலையில் நுவரெலியா வீதியில் மண் சரிந்துவிட்டது என்று தகவல் வந்தது. அந்த அணி பாதி வழியில் திரும்பிவிட்டது. மஸ்கெலியா அணியில் ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். செயலாளர் எங்களிடம் வந்தார்.

"லேடீஸ் மேட்ச்சை எடுத்துருவோம். என்ன செய்றது, டீம் இல்லையே."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவரே பேசினார்.

"சேர், நாங்க நாலு பேர் ஈக்கிறோம். ரெண்டு டீம்."

"நீங்க எல்லாரும் ஒரே மன்றமில்லையா?"

"இண்டைக்கு ரெண்டு. ஃபைனல் மட்டும் ஆடுறோம். உங்களுக்கும் வேலை மிச்சம்."

"அப்பறம் ஆம்பளைங்க உள்ள இருக்காங்களே" என்று செயலாளர் தயங்கினார். முதலில் அவரிடம் அந்த நிபந்தனையை வைத்ததே அக்காதான்.

அக்கா மண்டபத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். முன் வரிசையில் அவருடைய மாமனார் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று அக்காவுக்கே தெரியாது. "ஈக்கட்டும்" என்றார் அக்கா.

அக்காவும் நானும் ஒரு பக்கம் நின்றால் அது ஆட்டமாக இருக்காது. ஆகவே அக்காவோடு மிஸ்ஸி, என்னோடு டீச்சர். வெள்ளைச் சப்பாத்துக்கு மேலே முட்டிப்பட்டை கட்டிக்கொண்டு மிஸ்ஸி இறங்கியபோது பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். முதல் சில புள்ளிகளிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. முதல் செட் அவர்களுக்கு. இரண்டாவது செட்டில் டீச்சர் பின்கோட்டிலிருந்து அடித்த அடிகளைத் தடுக்க ஆளில்லை. அதை நாங்கள் எடுத்தோம். மூன்றாவது செட்டில் இரண்டு பக்கமும் ஏறி ஏறி வந்தது. யார் முன்னால் இருக்கிறார்கள் என்பதை நடுவர் சொல்வதற்கு முன் கூட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் டீச்சர் என்னிடம் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பந்து என் தலைக்கு மேலே பின்கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் எட்டி அடித்தேன். அது வலையில் விழுந்தது. அக்காவும் மிஸ்ஸியும் ஜெயித்துவிட்டார்கள்.

கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது வயதான ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அக்கரப்பத்தனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த டீச்சரின் அப்பா. முசிறியைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் தயார் செய்துகொண்டேன்.

"கடைசிப் பந்தை நீங்க விட்டிருக்கணும். அது வெளிய போற பந்து. எம்மவ 'விடுங்க விடுங்க'ன்னு கத்துறா, நீங்க கேக்கல" என்றார்.

"மழைச் சத்தத்துல காதுல விழலைங்க."

"அடுத்த தடவை கேட்டுக்கங்க" என்றார். பிறகு மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

அந்த வருடம் முடியும்போது என் ஒப்பந்தமும் முடிவதாக இருந்தது. கோயம்புத்தூருக்குத் திரும்பலாம், அல்லது அசாமுக்குப் போகலாம் என்று கம்பெனியில் கேட்டார்கள். இங்கேயே இன்னும் இரண்டு வருடம் வேண்டும் என்று சொன்னேன். மேலாளருக்கு ஆச்சரியம். மலையில் தனியாக என்ன செய்கிறாய் என்று கேட்டார். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பாதிக்கு இன்னும் இயந்திரம் பொருத்தவில்லை, ஆட்களை எனக்குத் தெரியும், புதிதாக ஒருவரை அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

அம்மாவிடமும் சொன்னேன். கல்யாணப் பேச்சை எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடம் இங்கேதான் இருப்பேன் என்று மட்டும் உறுதியாகச் சொன்னேன். "அப்படி அங்க யாரு இருக்கா உனக்கு?" என்று கேட்டாள். நான் மூன்று பேரைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். இடையில் அவள், "அந்த நர்ஸம்மாவுக்கு முட்டி வலிக்கு நம்ம தைலம் குடுத்துப் பாரு" என்றாள்.

அக்காவிடம் கடையில்தான் சொன்னேன். பில் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு வருஷமா? ஒப்பமெல்லாம் வெச்சாச்சா?" என்று கேட்டார். வைத்தாயிற்று என்றேன். "சரி. அப்ப ஷட்டில் பொக்ஸ் கூடுதலா எடுக்கச் செல்றேன்" என்றுவிட்டு பில்லைக் கிழித்து எதிரே நின்றவரிடம் கொடுத்தார்.

தைலத்துக்கு மிஸ்ஸியின் முட்டி வலி கேட்கவில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் டாக்டர் அவரை ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து புள்ளி சொல்கிறார். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் அவர் தீர்ப்புக்கு எதிராக யாரும் பேசக்கூடாது. அவர் இடத்துக்கு ஆள் தேடி டீச்சரும் நானும் பஸ் பஸ்ஸாகக் கேட்டோம். போன மாதம் ஒரு பெண் பொலிஸ் கொன்ஸ்டபிள் வந்து சேர்ந்தார். சர்வீஸ் போடத் தெரியாது, ஆனால் விழும் பந்துக்காகச் சிமெண்டுத் தரையில் விழுந்துகூட எழுந்து வருகிறார். சென்ற ஞாயிறு அவர் அடித்த பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று அக்காவுக்கும் மிஸ்ஸிக்கும் வாக்குவாதம். கடை திறக்கும் நேரம் தாண்டியும் அக்கா கோட்டருகே குனிந்து நின்று, பந்து விழுந்த இடத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.